சுவர்கள் சுமக்கும் சரித்திரம்

பயன்பாடு முடிந்த பழைய அரசுக் கட்டடத்தை என் செய்வது? இடித்து, இடத்தை விற்றுவிடுவது எளிது. சிங்கப்பூர் வேறு வழியை நாடியது. 1929இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபத்தையும், 1939இல் எழுந்த உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து, 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தது. தென்கிழக்காசியாவின் ஓவியங்களும் சிற்பங்களும் இன்று அங்கே காட்சிக்கு உள்ளன.

ஓவியம் குறித்து ஆலிம்கள் கூறும் விளக்கங்களை ஆராய்வது என் நோக்கமன்று. அங்குச் சென்றபோது என் உள்ளத்தைத் தொட்டவை அச்சுவர்கள் சுமக்கும் நினைவுகளே. கைதிகளை அடைத்து வைத்த காவல் அறைகளைக்கூட முற்றாக அழித்துவிடாமல் பாதுகாத்துள்ளனர்.

நகர மண்டபத்தில் 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படை சரணடைந்தது. 1959 டிசம்பர் 3 அன்று யூசோஃப் பின் இஸ்ஹாக் அவர்கள் நாட்டின் தலைவராகப் பதவியேற்றதும் அங்கேதான். முஸ்லிம்கள் பெருமையுடன் நினைவுகூரத்தக்க நாள் அது.

அடுத்திருந்த நீதிமன்றமோ கசப்பான நினைவைத் தருகிறது. டச்சுப் பெற்றோருக்குப் பிறந்த சிறுமி நத்ராவை, ஆமினா என்னும் மலாய் மாது முஸ்லிமாக வளர்த்தார். 1950 டிசம்பரில் நீதிமன்றம் அவளைப் பெற்ற தாயிடம் ஒப்படைத்தது. அவளது திருமணமும் செல்லாதென்றது. அவள் கன்னிமாடத்தில் இருக்கும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. 11ஆம் நாள் மேல்முறையீட்டின்போது வாயிலில் திரண்ட மக்களின் வேதனை, கலவரமாக வெடித்தது. 18 பேர் மாண்டனர். வழக்கோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஐரோப்பியரும் யுரேஷியரும் தாக்கப்பட்டனர்.

வளர்த்த தாயின் கண்ணீர் நியாயமானது. அதற்காக நிரபராதியின் மீது கை வைத்தது அநியாயம். கட்டடம் மறைந்திருந்தால், காலப்போக்கில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த பாதியை மட்டுமே பேசியிருக்கும். சுவர் நிற்பதால் இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவிலிருந்து படிப்பினை பெறுமாறு திருமறை நம்மை ஏவுகிறதன்றோ!

நம் குடும்பங்களில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவினர் உண்டு. அங்குச் செல்வோர் பிள்ளைகளையும் இக்கட்டடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சுவரில் மாட்டிய ஓவியங்களின் கதையை அங்குள்ள பலகைகள் கூறும். ஆமினாவின் துயரையும், அன்று இரத்தம் சிந்தியோரின் துயரையும் ஒருசேர எடுத்துரைப்பது பெற்றோராகிய உங்கள் கடமை. பகையின்றி நினைவுகூரும் பண்பை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.