நடுவில் விழும் பந்து

பேராதனையில் நேற்று மாலை மழை விட்டதும் டென்னிஸ் மண் தரையில் நான்கு பிள்ளைகள். தரை ஒன்றுதான், காத்திருந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். அதனால் எல்லாருக்கும் இரட்டையர் ஆட்டம். ஒரு பந்து இருவருக்கும் சரி நடுவில் வந்தது. இவன் அவனைப் பார்த்தான், அவன் இவனைப் பார்த்தான், பந்து இடையால் போய் ஈர மண்ணில் தடம் பதித்தது. "வாயைத் திறந்து சொல்லுங்கடா" என்றார் பயிற்றுநர். அடுத்த பந்துக்கு இரண்டு பேருமே "மைன்" என்று கத்த, மட்டையோடு மட்டை மோதியது.

இந்திய டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா அந்த நடுப்பந்தோடு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டு, 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். அன்றிலிருந்து அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் கிடக்கிறது.

*

குடகு மலையில் வளர்ந்தவர். அப்பா கோப்பித் தோட்டக்காரர். கண்டியில் இருந்துகொண்டு இதைக் கடந்து போக முடியவில்லை. முதல் விம்பிள்டன் 1877இல். அடுத்த வருடமே, 1878இல், இங்கே வாவிக்கரையில் டென்னிஸ் ஆடும் கண்டி கார்டன் கிளப். அன்றைக்கு இந்த மலைகள் கோப்பி மலைகள். 1869இல் தலைகாட்டிய இலைத் துரு நோய் அவற்றைத் தின்று தீர்த்த பிறகுதான் எங்கும் தேயிலை. மலையகத் தமிழரான எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தது முதலில் கோப்பிக்குத்தான். துரைமார் டென்னிஸ் ஆடினார்கள், நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். கோப்பி மலையில் வளர்ந்த ஒருவர் உலகின் முதலிடத்துக்குப் போனார் என்றால் எனக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

*

2010. போபண்ணா பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியோடு சேர்ந்து அமெரிக்க ஓப்பன் இரட்டையர் இறுதிவரை போனார். பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டும் டை-பிரேக்கரில் போயின. போரை நிறுத்து, டென்னிஸைத் தொடங்கு என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தோடு இருவரும் களமிறங்கிய காலம் அது. எங்கள் யுத்தம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இரு நாட்டுக்காரர்கள், ஒரே பக்கம் நின்று, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் ஓடி மூடுகிறார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தேன்.

*

ஒற்றையர் தரை 27 அடி அகலம். இரட்டையருக்குப் பக்கத்துக்கு நாலரை அடி கூடி 36. ஆள் இரண்டாகிறது, அகலம் ஒன்பது அடிதான் கூடுகிறது. ஆகவே வெறும் இடம் குறைவு, யோசிக்கும் நேரம் அதைவிடக் குறைவு. வலையோரம் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார். அடுத்த பந்துக்குக் குறுக்கே பாயப் போகிறாரா, நிற்கப் போகிறாரா என்பது எதிராளிக்குத் தெரியாமல் கூட்டாளிக்குப் போகிற செய்தி. அவர் பாய்ந்தால் பின்னால் இருப்பவர் உடனே அந்த வெறுமையை நிரப்ப வேண்டும். ஏன் பாய்ந்தாய் என்று கேட்க நேரமில்லை, நம்பி ஓட வேண்டியதுதான்.

ஆண்களின் தொழில்முறைச் சுற்றான ஏடிபியில் இரட்டையருக்கு அவகாசம் இன்னும் குறைவு. டியூஸ் என்ற சமநிலை வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக்கர். பரிசுப் பணமும் ஜோடிக்கு என்றுதான் அறிவிப்பார்கள், அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூட்டாளி காயப்பட்டால் அந்த வாரம் இவருக்கும் ஆட்டமில்லை. இத்தனைக்கும் நடுவே போபண்ணாவுக்கு இருபது வருடம்!

*

முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து போனவர். ஐயங்கார் யோகாதான் தன்னை நிற்க வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2023இல் ஆஸ்திரேலியரான மத்தேயு எப்டனோடு ஜோடி சேர்ந்தார். மார்ச்சில் இந்தியன் வெல்ஸ் பட்டம், செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் மறுபடியும் தோல்வி. 2024 ஜனவரியில் மெல்பேர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் இத்தாலியர்களான பொலெல்லி, வாவசோரி ஜோடியை 7-6, 7-5 என்று வென்றார்கள். முதல் செட்டின் டை-பிரேக்கரில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ஆண்கள் இரட்டையரில் அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம், 43 வயதில். (கலப்பு இரட்டையரில் 2017இலேயே கனடாவின் டப்ரோவ்ஸ்கியோடு பிரெஞ்சு ஓப்பன் வென்றிருந்தார்.) அடுத்த திங்களன்று இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடம். அந்த இடத்தை முதன்முறையாக அத்தனை வயதில் தொட்டவர் வேறு யாருமில்லை.

அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வெற்றி எனக்குப் பெரிதாகப்படுகிறது.

*

பாடசாலை அணிகளில் நான் பார்த்து வருந்துவது: ஒற்றையருக்கு முதல் இரண்டு பேரைப் பொறுக்கியாயிற்று, மிச்சம் இருப்பவர்களைச் சேர்த்து ஒரு ஜோடி. அடுத்த போட்டிக்கு வேறு ஜோடி. நடுப்பந்து யாருடையது என்று இரு பிள்ளைகளுக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். தயவுசெய்து ஜோடியைக் கலைக்காதீர்கள், இரண்டு வருடமாவது சேர்ந்து ஆட விடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. ஒற்றையர் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். இரட்டையர் ஆட்டத்தைக் கடைசியாகத்தான் போடுவார்கள், பெரும்பாலும் இருட்டும் நேரத்தில். இருந்து பாருங்கள்.