தனியே உண்பவள்

உணவு விடுதிக்குள் ஓர் ஆடவன் தனியே நுழைந்தால், அவனுக்குப் பசி என்று உலகம் பொருள் கொள்கிறது. ஒரு பெண் தனியே நுழைந்தாலோ, அவளுக்கு என்ன நேர்ந்ததோ என்று கவலை கொள்கிறது! கணவனோடு பிணக்கா? மாமியாரோடு பூசலா? சமைக்கத் தெரியாதவளா? அடக்கமற்றவளா? ஆராய்ச்சி அடுக்கடுக்காக எழுகிறது. பசி என்னும் எளிய விடை மட்டும் எவருக்கும் தோன்றுவதில்லை.

இந்த ஆராய்ச்சிக்கு அடிக்கடி ஆளாகிறவள் நான். சத்துவாச்சாரியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழரை மணிக்கு, எங்கள் தெருமுனைச் சிற்றுண்டிக் கடையில் உண்கிறேன். கடை சிறிது, மேசைகள் ஆறே ஆறு. ஆயினும் அங்கே காணும் காட்சி பெரிது. ஆட்சியர் அலுவலகத்துக்குக் கோப்புச் சுமந்து செல்லும் எழுத்தர், நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்திவிட்டு வரும் ஓட்டுநர், தோல் பதனிடும் ஆலையில் இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளி, மருத்துவம் தேடி வங்கத்திலிருந்து வேலூர் வந்து, பெயர் தெரியாமல் பொங்கலை விரலால் சுட்டிக் கேட்கும் முதியவர் — அனைவரும் ஒரே பலகையில் அமர்கின்றனர். இலை விரித்த தட்டில் ஆவி பறக்கும் இட்லி. மிளகு மணக்கும் பொங்கல். மொறுமொறுவென்று உளுந்து வடை. வாளியும் கரண்டியுமாக வருபவர் கேளாமலே சாம்பார் ஊற்றுவார். சாதி கேட்டு ஊற்றுவதில்லை.

இத்தகைய கடையில்தான், முதல் நாள் நான் நுழைந்ததும், உரிமையாளர் மிகுந்த அன்போடு சொன்னார்: “நீங்க உள்ளே ஃபேமிலி ரூமுக்குப் போங்கம்மா.”

உள்ளே என்றால், பின்புறத்தில் திரை தொங்கும் ஒரு மூலை. காற்றில்லை, வெளிச்சமில்லை; ஒரு மேசை உண்டு. திரைக்கு மேலே ‘குடும்பம்’ என்று எழுதியிருந்தது. நான் ஒருத்தி, நான் எப்படிக் குடும்பம் ஆவேன்? தனியே வரும் ஆண் மனிதன். தனியே வரும் பெண் மட்டும் குடும்பமா? “இங்கேயே உட்காருகிறேன், ஐயா” என்று சொல்லிப் பொதுமேசையில் அமர்ந்தேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அன்று கடையிலிருந்த கண்களெல்லாம் என் இலையை எண்ணின.

தோழர்களே! அந்தத் திரை எனக்கு வேறொரு தடுப்பை நினைவூட்டியது. நம் நாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்றிருந்த ஏற்பாடு, கிளர்ச்சிக்குப் பிறகே 1941இல் ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கபே என்னும் விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் ஒரு சொல்லை அகற்ற, 1957இல் பெரியார் மறியல் தொடங்கினார். தொண்டர்கள் அணி அணியாகச் சிறை புகுந்தனர். மாதங்கள் பல கடந்தன. 1958இல் சொல் அகன்றது. இட்லிக் கடைக்கு இத்தனை போரா என்று சிரித்தவர்கள் அன்றும் இருந்தனர். எவரோடு அமர்ந்து உண்ணலாம் என்பதிலேதான் எவரை மனிதராக மதிக்கிறோம் என்பது அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறியவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், பொது உணவு விடுதிகள் முதலியவற்றில் எவரையும் தடுக்கக் கூடாது என்று கூறுமிடத்தில், மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று காரணங்களை வரிசைப்படுத்துகிறது. சாதி என்ற சொல்லுக்காக நம் இயக்கத்தார் சிறை சென்றனர். அதற்கடுத்து நிற்கும் ‘பால்’ என்ற சொல்லை எத்தனை பேர் நின்று படித்தோம்?

பெண்ணைப் பூட்டிவைப்பதில் மேலை நாடும் பின்தங்கியதன்று. நியூயார்க் நகரின் பிளாசா விடுதியில், ஓக் ரூம் என்னும் உணவுக்கூடத்தில், வேலை நாள்களின் நண்பகலில் பெண்களுக்கு இடமில்லை என்று விதி இருந்தது. 1969 பிப்ரவரியில் பெட்டி ஃபிரீடன் தோழியர் சிலருடன் சென்று அமர்ந்தார். விடுதியார் என்ன செய்தனர் தெரியுமா? மேசையையே தூக்கிக்கொண்டு போய்விட்டனர்! சில மாதங்களில் அந்த விதி வீழ்ந்தது. எங்கள் தோல் வட்டாரத்தின் சரக்கு சென்று சேரும் இத்தாலியிலோ, காலை உணவென்பது தெருமுனைக் காப்பிக் கடையில் நின்றபடியே ஒரு கோப்பை காப்பியும் பிறைவடிவ ரொட்டி ஒன்றும். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று பருகிவிட்டு வேலைக்கு நடக்கின்றனர். நம் தோல் கடல் கடந்து செல்கிறது. அந்தத் தோலைத் தைத்த பெண் தன் தெருக் கடையின் வாயிலைக் கடக்க முடியவில்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டா. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் ஊசியும் நூலுமாக உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் ஆலைப் பேருந்து வரும். அதற்கு முன் சோறும் குழம்பும் ஆகிவிட வேண்டும். 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது: ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! ஆலைக் கூலியும் அன்று. அடுப்புக் கூலியும் அன்று. கணக்கில் ஏறாத உழைப்பு.

என் தாய் அத்தகைய ஆலையொன்றில் இருபது ஆண்டுகள் தைத்தவர். நான்கு மணிக்கு எழுவார், எங்களுக்கெல்லாம் சமைப்பார், நின்றபடியே பழைய சோற்றை விழுங்கிவிட்டுப் பேருந்துக்கு ஓடுவார். அவர் அமர்ந்து காலை உணவு உண்டதை நான் கண்டதில்லை. சென்ற பொங்கல் விடுமுறையில் அவரை அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றேன். பொதுமேசையில் அமர்ந்தோம். இட்லி வந்தது. சாம்பார் வாளி வந்தது. என் தாய் சட்டென்று எழுந்து, பரிமாறுபவர் கையிலிருந்த கரண்டிக்குக் கை நீட்டினார்! “உட்காரும்மா, அவர் ஊற்றுவார்” என்றேன். வெட்கத்தோடு அமர்ந்தார். பிறகு தம் வடையை எடுத்து என் இலையில் வைத்தார். ஐம்பது வயது வரை பிறர்க்குப் படைத்த கை, தனக்கென்று வந்த உணவின் முன் என்ன செய்வதென்று அறியாமல் தவித்தது. அந்தக் கையைப் புனிதம் என்று பாடிய புலவரெல்லாம் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

என் வகுப்புச் சிறுமி ஒருத்தி மறுநாள் வந்து கேட்டாள்: “டீச்சர், நீங்களும் உங்க அம்மாவும் கடையில உட்கார்ந்து சாப்பிட்டீங்களாமே? அப்பா திட்டலையா?” ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்தக் கேள்வியைக் கற்பித்த பாடநூல் எது? எந்தப் பள்ளியிலும் அது இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. “திட்டினால் என்ன? பசி எங்களுக்குத்தானே!” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு திரை சிறிது விலகியது என்றே நம்புகிறேன்.

பகுத்தறிவு பேசும் இளைஞனே! மேடையில் நீ சமத்துவம் முழங்குவதைக் கேட்டு மகிழ்கிறேன். ஒன்று மட்டும் சொல்: இன்று காலை உன் வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? அவருக்கு எஞ்சியது என்ன? விடை உனக்குத் தெரியாதெனில், நாளை ஐந்து மணிக்கு எழு. அடுப்பை நீ மூட்டு. உன் தாயை, தமக்கையை, மனைவியை அமரச் செய்து பரிமாறு. அதன் பின் ஒரு நாள் அவர்களை ஊரார் காண உணவு விடுதிக்கு அழைத்துச் செல். திரைக்குப் பின்னே அன்று, தெருவைப் பார்த்த மேசையில். அதற்கும் பின், நீ உடன் வராமலே அவர்கள் தனியே சென்று உண்டு, காசு கொடுத்து, கைகழுவித் திரும்பும் நாள் வரட்டும். அன்று எவரும் எதுவும் கேளாதிருப்பரேல், அதுவே நம் வெற்றி.