முழங்காலில் வலு இருக்கும்போதே

ஓய்வு பெற்றபின் ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களை என் காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளின் படிப்பு, பிறகு கல்யாணம், பிறகு வீட்டுக் கடன் என்று எல்லாம் முடியும்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவர்களில் பலர் தஞ்சையிலும் குடந்தையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். பேருந்தில் அரை நாளில் போய்விடக்கூடிய கடற்கரையைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள். தள்ளிப்போடுவதை நாம் பொறுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் உடம்பும் காத்திருக்காது, கடற்கரையும் காத்திருக்காது.

தரங்கம்பாடிக்குப் போனால் நான் சொல்வது கண்ணெதிரே தெரியும். அங்கே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கட்டியவர்கள் காலத்தில் அலை எவ்வளவு தள்ளி இருந்திருக்கும் என்று அந்தக் கற்களின் அருகில் நின்று யோசித்துப் பாருங்கள். சற்றுத் தள்ளி 1620-இல் டென்மார்க்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு வந்தவர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

ஆனால் அந்த ஊரில் என்னை அதிகம் நிற்கவைப்பது கோட்டை அல்ல. 1706-இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, முறையாகத் தமிழ் கற்றார். எழுதப் பழகும் பிள்ளைகளோடு தானும் மணலில் விரலால் எழுத்துப் பழகினார் என்பார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அந்த ஊரிலேயே தமிழில் அச்சாகி முடிந்தது. வயது வந்த ஒருவர் இன்னொரு ஊரின் மொழிக்கு முன்னால் மாணவனாக உட்காருவது எளிதல்ல. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இராஜ வீதியில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கோட்டையை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதே கரையில் இருக்கும் பூம்புகாரில் கண்ணுக்குக் கிடைப்பது குறைவு. 1973-இல் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் மேடை, மெலிந்து வந்து கடலில் சேரும் காவிரி, அவ்வளவுதான். அந்த மெலிவையும் பார்க்கத்தான் வேண்டும். குடகில் புறப்பட்ட ஆறு எத்தனை வயலுக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்கிறது!

வடக்கே சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அலையாத்திக் காடு. மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே நல்லது. சத்தமில்லாமல் போனால்தான் நாரையும் மீன்கொத்தியும் இருந்த இடத்தில் இருக்கும். சுரபுன்னை மரங்கள் வேர்களைக் கால்களைப்போல் ஊன்றி நிற்கும். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து விரல் விரலாக வேர்கள் மேலே எழுந்திருக்கும். காற்றில்லாத சேற்றில் அந்த வேர்கள் வழியாகத்தான் மரம் மூச்சு வாங்குகிறது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இங்கே வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை, பிள்ளைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவு. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த நாள் அது. மணல்மேடும் மரமும் இல்லாத இடங்களில் அலை நேராக வீட்டுக்குள் வந்தது. கடலுக்கும் நமக்கும் நடுவில் கொஞ்சம் காட்டை விட்டுவைக்க வேண்டும் என்பதை எத்தனை உயிர் கொடுத்து அறிந்துகொண்டோம் என்று படகில் உட்கார்ந்திருக்கும்போது பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இந்தக் கரையின் தெற்குக் கோடியில் கோடியக்கரை. அங்கே கரை சட்டென்று மேற்கே திரும்பிவிடும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. 1967-இல் சரணாலயம் ஆனது. பாலை மரக்காடும், திறந்த புல்வெளியில் முறுக்குக் கொம்போடு வெளிமான் கூட்டமும், யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் மட்டக்குதிரைகளும் அங்கே உண்டு. மழைக்காலம் முடியும் வேளையில் சதுப்பில் பூநாரைகள் வந்து இறங்கும். சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் பழைய கலங்கரை விளக்கம் 2004 அலையில் விழுந்தது. அடிப்பகுதிச் செங்கல்தான் மிச்சம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து காட்டைப் புரட்டிப் போட்டது. முன்பு பார்த்தவர்கள் பார்த்த கோடியக்கரை வேறு, இன்று இருப்பது வேறு.

போகிற வழியில் வேதாரண்யத்தை விட்டுவிடாதீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து புறப்பட்ட இராஜாஜி, ஏப்ரல் 30-இல் இங்கே அகத்தியம்பள்ளியில் உப்பு எடுத்துக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று கலெக்டர் மிரட்டியும் வழியோரச் சனங்கள் சோறு போட்டார்கள். பேர் தெரியாத அந்தச் சனங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். அதே இடத்தில் இன்றும் உப்பளத் தொழிலாளர்கள் வெயிலில் நின்று உப்பு வாருகிறார்கள். நிறுத்தி, வணக்கம் சொல்லி, நாலு வார்த்தை பேசுங்கள். ஒரு இடத்தின் அருமை அங்கே பாடுபடுகிறவர் வாயால் கேட்டால்தான் விளங்கும்.

இந்தக் கரைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் விடுப்புப் போதும். டிசம்பர், ஜனவரியில் வையுங்கள். பறவைகள் இருக்கும், வெயிலும் கடிக்காது. விடியற்காலையில் காட்டுக்குள் போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள், வெளிமானுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். வீட்டில் நடக்க முடிகிற பெரியவர்கள் இருந்தால் அவர்களை முதலில் வண்டியில் ஏற்றுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள்.