கோர் கோப்பில் கிடைத்த ஒப்பாரி

லினக்ஸ் இயங்குதளம் முறிந்துபோன நிரலை என்ன செய்கிறது என்பதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டுமென்ற எண்ணம் எங்களுக்கு ஓர் ஒப்பாரியால் வந்தது. வழக்கமாக நூல்களைப் பற்றியே எழுதும் நாங்கள் இப்படித் தடம் மாறுவதை அன்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் மூவருள் ஒருவருடைய அப்பத்தா ஒப்பாரி பாடுவதில் வல்லவர். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது அவர் ஊர் வழக்கம். பல மாதங்கள் கெஞ்சிய பின், ஊருக்கு வெளியே களத்துமேட்டில் அமர்ந்து ஒரே ஒருமுறை பாட இசைந்தார். குரலைப் பதியக் கூடாது, எழுதிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. ஒருவர் மடிக்கணினியில் தட்டச்சிட, மற்ற இருவரும் தவறிய சொற்களை எடுத்துக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் பாடினார். நடுவே, பங்காளி ஒருவரைப் பெயர் சொல்லி ஏசும் சில அடிகள் வந்தன. பாடி முடித்ததும், "அத மட்டும் அழிச்சிருங்கய்யா, அவுக பேரப்புள்ளைக இருக்குதுக" என்றார். அவர் கண்ணெதிரிலேயே அழித்தோம்.

பிறகு கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்க முனைந்த நொடியில் உரைத்தொகுப்பி மறைந்தது. அதுவரை ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றாததை என்னென்பது!

தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியை ஒரு நிரல் தொடும்போது, செயலி அதைப் பிடித்துக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. கெர்னல் அந்த நிரலுக்குப் பதினொன்றாம் எண் சமிக்ஞையை அனுப்புகிறது. நிரல் அதைக் கையாள ஏற்பாடு செய்திராவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆயினும், இறக்கும் நேரத்தில் அதன் நினைவகத்தில் இருந்தவற்றை ஒரு கோப்பாகக் கொட்டிவைக்க வழியுண்டு. அதுவே கோர் கோப்பு. 1950-களிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை கணினி நினைவகங்கள் சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்யப்பட்டன. அவ்வளையத்துக்குக் கோர் என்று பெயர். 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே கோர் கோப்புக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. வளையங்கள் வழக்கொழிந்தும் பெயர் ஒழியவில்லை.

அக்கோப்பு எங்கே போகும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பழைய ஏற்பாட்டின்படி நிரல் இயங்கிய அடைவிலேயே அது விழும். ஆனால் பல கணினிகளில் அதன் அளவுக்கு உச்சவரம்பு சுழியம்; அதாவது ஒன்றுமே எழுதப்படாது. 'கோர் பேட்டர்ன்' என்னும் அமைப்பின் முதலெழுத்து ஒரு நெடுங்கோடாக இருந்தால், கெர்னல் கோப்பை எழுதாமல் வேறொரு நிரலிடம் வார்த்துவிடும். உபுண்டுவின் அப்போர்ட் அத்தகையது. எங்கள் கணினியில் இருந்தது சிஸ்டம்டி கோர்டம்ப். அது கோர் கோப்பைச் சுருக்கித் தனி அடைவில் வைத்துப் பதிவேட்டிலும் ஒரு வரி குறித்திருந்தது. அந்த வரியைக் கண்டபோது எங்களுக்கு உயிர் வந்தது.

உயிர் வந்ததே ஒழிய, பாட்டு வரவில்லை. கோர் கோப்பில் சொற்களைத் தேடும் 'ஸ்ட்ரிங்ஸ்' கருவி, சும்மா ஏவினால், ஆங்கில எழுத்துகளைத் தவிர எதையும் அடையாளம் காணாது. யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 224, 174, 133 என மூன்று பைட்டு. அந்த முறையில் தேடி ஏமாந்தோம். அத்தொகுப்பி உள்ளுக்குள் யூடிஎஃப்-16 முறையைக் கையாள்கிறது என்பது பிறகே விளங்கியது. அம்முறையில் 'அ' இரண்டே பைட்டு: 133, 11. தமிழ் எழுத்து எதுவாயினும் இரண்டாம் பைட்டு 11-தான். நிரலைக் கொன்ற சமிக்ஞைக்கும் அதே எண்! வெறும் தற்செயல்தான், ஆயினும் அந்த இரவில் அது எங்களை என்னவோ செய்தது.

சில வரிகளில் ஒரு பைத்தான் நிரல் எழுதி, இரண்டாம் பைட்டு 11-ஆக உள்ள இணைகளைத் திரட்டினோம். இடைவெளிக்கு உரிய 32, 0 என்ற இணையைச் சேர்க்க மறந்ததால் முதலில் சொற்கள் தனித்தனியே உதிர்ந்தன. சேர்த்தபின் அடிகள் எழுந்தன. வரிசை குலைந்து, சில இருமுறை வந்து, ஏறக்குறைய முழுப் பாட்டும் கிடைத்தது.

அழித்த அடிகளும் கிடைத்தன. அழித்ததைத் திரும்பத் தரும் வசதிக்காகத் தொகுப்பி அவற்றையும் நினைவகத்தில் வைத்திருந்தது. பங்காளியின் பெயர், ஏச்சு, எல்லாம் அப்படியே. நாட்டார் வழக்காற்றுத் தரவு என்ற முறையில் அவற்றைக் காக்க வேண்டும் என்றார் ஒருவர். அப்பத்தாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்றார் அவர் பேரன். விடியும்வரை வழக்காடினோம். கோர் கோப்பில் கடவுச்சொல்லும் இருக்கலாம், அந்தரங்கக் கடிதமும் இருக்கலாம். பிழையறிக்கையோடு அதைக் கண்டவருக்கும் அனுப்பாதீர்கள் என்னும் எச்சரிக்கை எங்கள் ஆவணத்தின் முதற்பக்கத்துக்கு வந்தது அன்றுதான்.

இறுதியில், அந்த அடிகள் நீங்கலாகப் படியெடுத்துக்கொண்டு கோப்பை அழித்தோம். பதிவேட்டு வரி மட்டும் நின்றுவிட்டது. நாள், நேரம், தொகுப்பியின் பெயர், சமிக்ஞை எல்லாம் காட்டிவிட்டு, கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'மிஸ்ஸிங்' என்கிறது.