இரண்டு பலகைகள்

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கியில் கணக்குப் பார்ப்பவர். இருவருமே அதுவரை ஒரு முக்காலிக்குக்கூட வண்ணம் பூசியதில்லை. அத்தகைய நாங்கள் 2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், கனடாவின் டொராண்டோ நகருக்கு அருகே அக்கா வீட்டுப் பின்கட்டில், ஏறத்தாழ 300 சதுர அடி மரத்தளத்துக்கு எண்ணெய்ச் சாயம் ஏற்றினோம் என்றால் நண்பர்கள் நகைக்கிறார்கள். நகைக்க இடம் உண்டுதான். ஆயினும் அந்த மூன்று வாரங்களை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் ஓராண்டாக எங்களை விடவில்லை.

அவ்வூர் வீடுகள் பலவற்றில் பின்கதவைத் திறந்ததும், புல்தரைக்கு மேலே முழங்காலளவு உயரத்தில் பலகைகளால் ஆன ஒரு தளம் இருக்கும். டெக் என்பார்கள். நம் திண்ணைக்கு உறவுமுறை. ஆனால் திண்ணை தெருவைப் பார்க்கும், இது கொல்லையைப் பார்க்கும். மேலே கூரை கிடையாது. அக்கா வீட்டுத் தளம் 2011 கோடையில் அத்தான் தம் கையாலேயே அமைத்தது. கோடை விடுமுறைகளில் தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான் பேசுவார். பின்னணியில் பறவைகளின் ஒலி கேட்கும். 2021க்குப் பிறகு அவருடைய உடல் இடம் கொடுக்கவில்லை. 2023 அக்டோபரில் மறைந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா பின்கதவுத் திரையை விலக்குவதையே நிறுத்தியிருந்தார். விலக்கிப் பார்த்தோம். பலகைகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. நிழல் விழும் மூலையில் பாசி. வெறுங்காலோடு நடந்தால் சிலாம்பு ஏறும் அளவுக்கு இழைகள் கிளம்பியிருந்தன. “அவர் இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டார்” என்றார் அக்கா. வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். விலை மதிக்க வந்த முகவர், அந்தத் தளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சொல் அக்காவை உறுத்தியது. “நீங்க ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க. உங்களை இதுல இழுக்கிறேனே” என்று அவர் தயங்கியபோதே, நாங்கள் இதைச் செய்யப்போகிறோம் என்பது முடிவாகிவிட்டது.

மரத்தைக் கெடுப்பது பனி என்றே எண்ணியிருந்தோம். அது பாதி உண்மை. முதலில் வேலையைத் தொடங்குவது வெயில். வெயிலின் புறஊதாக் கதிர், மர இழைகளைப் பசைபோலப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சும் சாம்பல்நிற இழை, நீரைத் தடையின்றி உள்ளே விடுகிறது. உள்ளே போன நீர் உறையும்போது 9 விழுக்காடு பருக்கும். குளிர்காலம் முழுதும் ஒரேயடியாக உறைந்து கிடந்தால்கூட மரம் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். டொராண்டோவிலோ பகலில் உருகுகிறது, இரவில் மீண்டும் உறைகிறது. ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் விரிசல் மயிரிழையளவு அகலும். சனவரியில் சுழியத்துக்குக் கீழே 20 பாகையையும் ஜூலையில் மேலே 30 பாகையையும் காணும் ஊரில், கூரையின்றி வெளியே கிடக்கிறது பலகை.

தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. பனையையும் தேக்கையும் காட்டி ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் பாடம். இந்தத் தளத்துப் பைன் பலகைகளில் வைரம் குறைவு; வெளிமரமே மிகுதி. ஆனால் அங்கே மரத்துக்கு மருந்தேற்றும் முறைக்கு அதுவே வாய்ப்பாக அமைகிறது. பலகைகளைக் கலனில் அடைத்து, அழுத்தம் கொடுத்து, செம்பு கலந்த மருந்தை உள்ளே செலுத்துகிறார்கள். வைரம் பாய்ந்த நடுமரம் அதை எளிதில் ஏற்பதில்லை. இளகிய வெளிமரமே குடித்துக்கொள்கிறது. அந்த மருந்து பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும். வெயிலையும் நீரையும் தடுப்பது அதன் வேலையன்று. அதற்குத்தான் எண்ணெய்ச் சாயம்.

அடுத்த வீட்டில் இத்தாலியிலிருந்து குடியேறிய முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர். வேலிக்கு அப்பாலிருந்து எங்கள் குழப்பத்தைக் கண்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, தளம் எந்த ஆண்டு கட்டியது என்பது. 2003 முடியும்வரை வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்குப் பெரும்பாலும் ஆர்சனிக் கலந்த மருந்தையே ஏற்றினார்களாம். 2004 முதல் கனடாவிலும் அமெரிக்காவிலும் அது வழக்கொழிந்தது. பழைய தளமாயின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தூளே நஞ்சு. 2011 என்றதும் தலையசைத்து, ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகை பலகையாகக் குத்திப் பார்த்தார். எல்லாம் உறுதியாக இருந்தன, ஓரிடம் தவிர. அங்கே வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் திருப்புளி இறங்கியது.

அது அத்தானின் கறிவேப்பிலைத் தொட்டி நின்ற இடம். செப்டம்பர் பிற்பகுதியில் தொட்டியைச் சமையலறைச் சன்னலுக்கு அருகே கொண்டுவந்துவிடுவார். மே கடைசியில் மறுபடி வெளியே. 2023இல் அதை உள்ளே எடுத்துவைக்கும் நினைவு எவருக்கும் இல்லை. செடி குளிரில் கருகிப்போனது. தொட்டி பனிக்கடியில் கிடந்தது. அதன் அடியில் தேங்கிய ஈரம் இரண்டு பலகைகளைத் தின்றிருந்தது. மேலே கருத்த வட்டம் ஒன்று பதிந்திருந்தது. “மத்ததை என்ன வேணும்னாலும் செய்யுங்க. இந்த வட்டத்தைத் தொடாதீங்க” என்றார் அக்கா. தச்சருக்கு அவர் சொன்னது மொழியளவில் விளங்கியிராது; திருப்புளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

மற்ற இடங்களில் தொடங்கினோம். எங்கள் முதல் பிழை, அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் எந்திரத்தை வாடகைக்கு எடுத்தது. பாசி போயிற்று, கூடவே மரத்தின் இளகிய பகுதியும் போயிற்று. பலகை பஞ்சடித்ததுபோல் ஆனது. அதைச் சரிசெய்ய 80ஆம் எண் உப்புத்தாளால் இரண்டு நாள் தேய்த்தோம். அதைவிட நுண்ணிய தாளால் தேய்த்து மழுமழுப்பாக்கினால் மரத்தின் துளைகள் அடைபட்டு எண்ணெய் இறங்காது என்பதை நல்லவேளையாகத் தச்சர் முன்னரே சொல்லியிருந்தார். பிறகு கடையில் கேட்டு, சோடியம் பெர்கார்பனேட் கரைசலும் மென்தூரிகையுமாக எஞ்சிய அழுக்கைக் கழுவினோம். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த நீரைத் தடவி அலசினோம். கறுத்த பித்தளையைப் புளி போட்டு விளக்கியதும் பளிச்சென்று வருமே, அதுபோல மரத்தின் நிறம் திரும்பியது. அக்கா அன்று திரையை முழுதும் விலக்கிவைத்தார்.

என்ன பூசுவது என்பதில் எங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. நிறமற்ற பூச்சு போட்டால் மரம் மரமாகவே தெரியுமே! கடைக்காரர் மறுத்தார். வெயிலைத் தடுப்பது எண்ணெயில் கலந்த நிறமிதான். நிறமற்றது நீரை மட்டும் சிறிது காலம் தடுக்கும், மரம் மறுபடி நரைத்துவிடும் என்றார். மேலே தடித்த படலமாக நிற்கும் வண்ணத்தை அக்கா மறுத்தார். 2012இல் அத்தான் அதைத்தான் பூசினாராம். இரண்டு குளிர்காலத்தில் படலம் வெடித்தது. வெடித்த இடத்தில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றது. 2014 கோடை முழுதும் அதைச் சுரண்டுவதிலேயே கழிந்தது. அதன்பின் மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ச் சாயத்தையன்றி வேறெதையும் அவர் தொடவில்லை. கார் நிறுத்தும் அறையின் அடுக்கில் பழைய டப்பாக்கள் இருந்தன. மூடிகளில் அவர் கையெழுத்தில் 2015, 2017, 2019, 2021 என்று ஆண்டுகள். அதே பழுப்பு நிறத்தை வாங்கிவந்தோம்.

கழுவியபின் மரம் முற்றும் உலர மூன்று நாள் காத்திருந்தோம். நீரைத் தெளித்தால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெயும் நிற்கும். நேர்வெயில் படும் பொழுதில் பூசினால் மேலேயே காய்ந்து திட்டுத்திட்டாகும் என்பதால் வெயில் சாய்ந்தபின் வேலை. மூன்று நான்கு பலகைகளை ஒருசேர, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடையில் நிறுத்தாமல் பூசவேண்டும். அறுத்த முனைகளே நீரை மிகுதியாகக் குடிப்பவை; அவற்றுக்கு இருமுறை. கால் மணி நேரத்தில் மரம் குடிக்காமல் விட்டதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மிகையாகப் பூசினால் மிகுதியாகக் காக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே தங்கியது பிசுபிசுக்கும்.

முதல்நாள் இரவு எட்டு மணிக்கு, துடைத்த துணிகளையெல்லாம் ஒரு பையில் திணித்துக் கார் அறையின் மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். “துணியை எங்க வச்சீங்க?” என்றார் அக்கா. சொன்னோம். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பையைக் கவிழ்த்தபோது நடுவிலிருந்த துணி, இஸ்திரி போட்டு எடுத்ததுபோல் சுட்டது. அத்தகைய எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி வெப்பத்தை வெளிவிடுகிறது. விரித்துப் போட்டால் வெப்பம் கலைந்துவிடும். குவித்துவைத்தால் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். அடுக்கின் கீழே மூடியிட்ட தகரவாளி ஒன்று இருப்பதைப் பார்த்திருந்தோம், எதற்கென்று கேட்கவில்லை. அக்கா அதில் நீரை நிரப்பித் துணிகளை அமிழ்த்தி மூடினார். மேலே படுக்கையறைகள். நாங்கள் தூங்கியிருப்போம்.

அன்றிரவு மூவரும் நெடுநேரம் தளத்தின் பூசாத பகுதியில் உட்கார்ந்திருந்தோம். வாளியைப் பற்றிப் பேசினோம். அத்தானைப் பற்றிப் பேசினோம். எழுந்திருக்கும்போது அக்கா, “அந்த ரெண்டு பலகையையும் எடுத்துடுங்க. அவரா இருந்தா அன்னைக்கே கழட்டியிருப்பார்” என்றார்.

மறுநாள் தச்சரும் வந்தார். திருகாணிகளைக் கழற்றிப் பலகைகளைத் தூக்கியபோது அடிப்பக்கம் கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. தாங்கும் விட்டத்தில் சிதைவு தொடங்கியிருக்கவில்லை. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். புதுப் பலகைகள் மருந்தின் ஈரத்தோடு பச்சை படர்ந்து இருந்தன. அவற்றின்மேல் அவர் நீரைத் தெளித்துக் காட்டினார், முத்தாகவே நின்றது. மாதக்கணக்கில் காய்ந்தபின்தான் அவை எண்ணெயை ஏற்கும். எனவே மற்றவை பழுப்பாகவும் நடுவில் இரண்டு மட்டும் பச்சையாகவும் இருக்க, வேலையை அப்படியே முடித்துவிட்டுக் கிளம்பினோம். “அடுத்த கோடையிலதான் இதுக்குப் பூசணும்” என்று அக்கா மகளிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டே கேட்டோம்.

2025 ஜூலையில் அக்கா அழைத்தார். பின்னணியில் பறவைகள் ஒலித்தன. நீர் தெளித்துப் பார்த்தாராம்; உடனே உறிஞ்சியதாம். மாலையில் தாமே இரண்டு பலகைகளுக்கும் பூசிவிட்டார். நிறம் மற்றவற்றோடு பொருந்தவில்லை, சற்று வெளிறித்தான் தெரிகிறது என்றார். துணியை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். சிரித்துவிட்டு, “வாளியிலதான்” என்றார். டப்பாவின் மூடியில் 2025 என்று எழுதியாயிற்றா என்று கேட்க நினைத்தோம், கேட்கவில்லை.