கிழித்தெடுத்த பெயர்

நம் அக்காள் மகன் அமெரிக்காவில் சிறு நகரங்களுக்கிடையே பறக்கும் ஜெட் விமானமொன்றில் துணை விமானி. வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பான். பேச்சு பெரும்பாலும் அவன் அம்மாவின் சர்க்கரை அளவோடு முடிந்துவிடும். சென்ற மாதம் ஒருநாள் குரல் இறங்கியிருந்தது. "மாமா, நேத்து ஸ்பீட் லிமிட்டைத் தாண்டிட்டேன்" என்றான். காரில் என்றே நினைத்தோம். விமானத்திலாம்.

வானத்தில் வேகக் கட்டுப்பாடா என்று நம்மைப் போலவே வியக்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். அமெரிக்க வான்வெளியில் பத்தாயிரம் அடிக்குக் கீழே பயணிகள் விமானம் 250 நாட் வேகத்தைத் தாண்டலாகாது. மணிக்கு ஏறத்தாழ 463 கிலோமீட்டர். இவ்விதி ஏட்டளவில் பிறந்ததன்று. 1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க்கின் மேல் பனியும் மேகமும் கவிந்திருந்தன. ஐடில்வைல்டு நிலையத்தில் இறங்க வந்த யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், காத்துச் சுற்றவேண்டிய இடத்தைத் தாண்டிப் பல மைல் சென்று, லகார்டியாவில் இறங்கவிருந்த டி.டபிள்யூ.ஏ. விமானத்தின்மீது மோதியது. ஒன்று ஸ்டேட்டன் தீவில் விழுந்தது. மற்றொன்று புரூக்ளினில் வீடுகள் நிறைந்த பார்க் ஸ்லோப் பகுதியில். இறந்தோர் 134 பேர். அவர்களுள் அறுவர் தரையில் இருந்தவர்கள். வழிகாட்டும் வானொலிக் கருவிகள் இரண்டில் ஒன்று பழுது. பாதையும் பறந்துகொண்டிருக்கும்போதே 11 மைல் சுருக்கப்பட்டிருந்தது. இவற்றோடு 300 நாட்டைத் தாண்டிய வேகம். அடுத்த ஆண்டே விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்வெளிக்கு 250 நாட் என்னும் வரம்பு வந்தது. 1967இல் அது பத்தாயிரம் அடிக்குக் கீழே எங்கும் என விரிந்தது.

டி.சி.-8இலிருந்து பனிக்குவியலில் வீசப்பட்ட பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் உயிரோடிருந்தான். மறுநாள் மருத்துவமனையில் அவனும் இறந்தான். அவனிடமிருந்த 65 சென்ட் சில்லறையைத் தந்தை அம்மருத்துவமனையின் சிற்றாலய உண்டியலில் போட்டுவிட்டுப் போனார். அந்நாணயங்கள் பின்னர் அங்கே நினைவுப் பலகையில் பதிக்கப்பட்டன. விதிகளின் வரலாற்றைத் தேடப்போய் இந்தச் சில்லறையில் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

மருமகனுக்கு நேர்ந்தது இவ்வளவுதான். இறங்கும் வேளையில் ஓடுபாதையை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். புதிய பாதையைக் கணினியில் ஏற்றும் மும்முரத்தில் வேகத்தைக் குறைக்க மறந்திருக்கிறான். கண்ணில் பட்டபோது உயரம் 9,000 அடி, வேகம் 290 நாட்.

"கட்டுப்பாட்டு அறையில் கேட்டார்களா?" என்றோம். சிரித்தான். ரேடார் திரை காட்டுவது தரையை ஒட்டிக் கணக்கிட்ட வேகம். விதி பேசுவதோ விமானி முன்னுள்ள முள் காட்டும் காற்றுவேகம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் முள் 250 காட்டும்போதே விமானம் உண்மையில் ஏறக்குறைய 290 நாட்டில் விரையும். பின்னிருந்து 50 நாட் காற்றும் தள்ளினால் திரையில் 340 தெரியும். விதியை மீறாதவனும் மீறியவனும் திரையில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். பதிவுக்கருவியில் எல்லாம் இருக்கிறது என்பது வேறு. விமான நிறுவனங்கள் பாதுகாப்புக்கென்று தாமே திரட்டித்தரும் அப்பதிவுகளை, வேண்டுமென்றே செய்த குற்றமாக இருந்தாலன்றி, விமானிமீது நடவடிக்கை எடுக்கப் பயன்படுத்துவதில்லை.

அன்றிரவே அவன் நாசாவுக்கு எழுதிவிட்டான். விண்வெளிக்காரர்களுக்கு இதில் என்ன வேலை? 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானமொன்று மலையில் மோதி 92 பேர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன் அதே இடத்தில் அதே பிழையைச் செய்து மயிரிழையில் தப்பிய வேறொரு நிறுவன விமானிகள், தம் நிறுவனத்துக்குள் மட்டும் அதைச் சொல்லியிருந்தார்கள். அதன்பின் பிழைகளை எங்களிடம் சொல்லுங்கள் என்று விமானத்துறை நிர்வாகமே அழைத்துப் பார்த்தது. தண்டிப்பவரிடம் எவர் சொல்வார்? எனவே 1976இல், தண்டிக்கும் அதிகாரமற்ற நாசாவிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. பத்து நாட்களுக்குள் எழுதவேண்டும். பிழை அறியாமல் நேர்ந்ததாக இருக்கவேண்டும். விபத்தும் குற்றமும் இதில் அடங்கா. முந்தைய ஐந்தாண்டுகளில் விதிமீறல் உறுதியாகியிருக்கக் கூடாது. பிறகு விஷயம் வெளிப்பட்டாலும் அபராதமோ உரிம நிறுத்தமோ இல்லை. பெயரெழுதிய பகுதி தனியே பிரிக்கப்பட்டு, நாள் முத்திரையுடன் அனுப்பியவருக்கே திரும்பி வரும். பெயரற்ற பிழை மட்டும் அங்கே தங்கும்.

இதைக் கேட்டபோது நமக்கு விடைத்தாள் நினைவு வந்தது. மதிப்பீட்டு முகாமில் விடைத்தாளுக்கு டம்மி எண் இட்டு, மாணவரின் பெயர்ப்பகுதியைக் கிழித்தெடுத்துவிடுவார்கள். திருத்துபவரின் கையொப்பம் மட்டும் தாளில் நிற்கும்.

அங்கும் ஒரு வேக வரம்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் சென்ற முகாமில் ஒரு வேளைக்கு முப்பது தாள். தாளுக்கு இவ்வளவு என்று ஊதியம் என்பதால், விரைவாகத் திருத்துவோருக்குப் பிற்பகலில் இன்னொரு கட்டும் கிடைக்கும். நாம் விரைவானவர் என்று பெயரெடுத்திருந்தோம். அதில் சிறு பெருமையும் இருந்தது. ஒருநாள் மாலை வீடு திரும்பும் பேருந்தில், ஒரு தாளின் முடிவில் வெள்ளை நூலால் கட்டியிருந்த கூடுதல் தாள் கண்முன் வந்தது. அதைப் புரட்டிய நினைவே இல்லை. மறுநாள் சொல்லியிருந்தால் கட்டைத் தேடிப் பிடித்திருப்பார்கள். விளக்கக் கடிதமும், மூன்றாண்டு முகாமுக்கு வர இயலாத தடையும் கிடைத்திருக்கும். மகளின் பள்ளிக் கட்டணம் முகாம் பணத்தில்தான். சொல்லவில்லை.

நாசாவிலிருந்து பெயர்ச்சீட்டு திரும்பி வந்ததும் மருமகன் அதைப் படமெடுத்து அனுப்பினான். அன்று பேசியபோது, இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத அந்தத் தாளைப் பற்றி அவனிடம் சொன்னோம்.

"எத்தனை மார்க் கேள்வி மாமா?"

"பதினாறு."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மாவுக்கு இந்த வாரம் சுகர் பார்த்தாச்சா?" என்று கேட்டான்.