நேதாஜி பட்டாளத்து பேண்டு மாஸ்டர்

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைவிட அவருடைய பட்டம்தான் அதிகம் புழங்கியது. "நேதாஜி பட்டாளத்து பேண்டு மாஸ்டர்." புதுச் சம்பந்திகள் வந்தால் காப்பி ஆறுவதற்குள் இந்தச் செய்தி அவர்கள் காதில் விழுந்துவிடும். குடும்ப வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று நான் உட்கார்ந்தபோது, அவர் பெயருக்கு எதிரே எதை எழுதுவது என்ற கேள்வி வந்தது.

சிங்கப்பூரில் செங்காங்வாசியான எனக்கு இந்தத் தேடலில் ஒரு சௌகரியம் உண்டு. 2003இல் ஓடத் தொடங்கிய வடகிழக்கு ரயில் பாதையில் ஏறி உட்கார்ந்தால் கதை நடந்த இடங்கள் வரிசையாக வருகின்றன. உட்லீயில் பிடாடரி. 1942இல் இந்தியப் போர்க்கைதி அதிகாரிகள் கூடி, இந்திய விடுதலைக்காகப் போராட எடுத்த தீர்மானத்துக்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு ஃபேரர் பார்க். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்த திடல். லிட்டில் இந்தியாவைத் தாண்டி டோபி காட்டில் இறங்கினால் கேத்தே. 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்த கட்டடம். இன்று அதன் பழைய முகப்பு மட்டும் நிற்கிறது.

எங்கள் வீட்டுக் கதைப்படி, அன்று கேத்தேயில் பேண்டை நடத்தியவரே கொள்ளுத்தாத்தாதான்.

தேசிய நூலகத்தில் ஜப்பானியர் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினேன். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு அப்போது நின்று போயிருந்தது. ஷோனான் என்று பெயர் மாறிய சிங்கப்பூரின் ஆங்கிலப் பத்திரிகைகளில் தலைவர்களின் பேச்சுகள் பத்தி பத்தியாக இருந்தன. வாத்தியக்காரர்கள் யார் யார் என்று எழுத, நான் பார்த்த பக்கங்களில், ஒருவருக்கும் தோன்றவில்லை.

புத்தகங்கள் பக்கம் திரும்பியதும் பேண்டு மாஸ்டர் உடனே கிடைத்துவிட்டார். அவர் கூர்க்கா. கேப்டன் ராம் சிங் தாக்குரி, 1914இல் தரம்சாலா அருகே பிறந்தவர். சிறுவயதிலேயே முதலாம் கூர்க்கா ரைபிள்ஸில் சேர்ந்து மேற்கத்திய வாத்திய இசையைப் பட்டாளத்திலேயே கற்றார். மலாயாப் போருக்கு வந்து ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, நேதாஜி பட்டாளமான இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். "கதம் கதம் படாயே ஜா" அணிநடைப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் அவரே. தாகூரின் "ஜன கண மன" மெட்டைத் தழுவி, மும்தாஸ் ஹுசேனும் ஆபித் ஹசனும் இந்துஸ்தானியில் எழுதிய "சுப் சுக் சைன்" தற்காலிக அரசின் கீதமானபோது அதற்கு பேண்டு இசை அமைத்தவரும் அவரே. நேதாஜி அவருக்கு வயலின் ஒன்றைப் பரிசளித்தார். 1947இல் செங்கோட்டையில் வாசித்த பிறகு உத்தரப்பிரதேச ஆயுதப்படைக் காவலின் பேண்டில் வேலை பார்த்து, 2002இல் லக்னோவில் காலமானார். பிறந்தது முதல் இறந்தது வரை எல்லாம் பதிவில் இருக்கிறது.

கொள்ளுத்தாத்தாவுக்கு ஏன் ஒரு வரிகூட இல்லை? ராம் சிங் ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்தியப் படையில் பெயர் கொடுத்திருந்தவர்; போர் முடிந்ததும் அப்படிப்பட்டவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்து விசாரித்தார்கள். விசாரணை நடந்தால் காகிதம் மிஞ்சும். கொள்ளுத்தாத்தாவோ செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் போய்ச் சேர்ந்த அவரைப் போன்ற தமிழர்கள் பட்டாளம் கலைந்ததும் பேசாமல் வேலைக்குத் திரும்பினார்கள். தண்டனை இல்லை, அதனால் கோப்பும் இல்லை.

ஒரே ஒரு துப்பு இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தது. ஊர் திரும்பிவிட்ட அவர் தம்பி, 1972இல் இந்திய அரசு தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். மனுவின் நகலில் "என் அண்ணன் பேண்டு பிரிவில் இருந்தார்" என்று ஒரு வரி. ஓய்வூதிய மனு என்பது முப்பது வருடம் கழித்து, யாரோ ஒரு எழுத்தர் கேட்கக் கேட்கச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆனாலும் அண்ணனைப் பற்றிப் பொய் சொல்வதால் தம்பிக்குக் கூடுதலாக ஒரு பைசாவும் வந்திருக்காது. அந்த வரியை நான் நம்புகிறேன். அதில் "மாஸ்டர்" இல்லை.

கம்பஸ்வேலில் இருக்கும் அத்தைதான் அவரை நேரில் பார்த்தவர்களில் மிச்சமிருப்பவர். விஷயத்தைச் சொன்னேன்.

"தாத்தா என்ன வாத்தியம் வாசிச்சாரு அத்தை?"

"பெரிய டிரம்மு. சாப்பாட்டு மேசையில தட்டிக்கிட்டே இருப்பாரு, பாட்டி திட்டும்."

"அப்ப மாஸ்டர்னு யாரு சொன்னது?"

"அவரு சொன்னதில்ல. என் கல்யாணத்தப்ப உங்க அப்பாதான் ஆரம்பிச்சான்."

குடும்ப வரலாற்றில் "இந்திய தேசிய ராணுவம், பேண்டு பிரிவு, டிரம்" என்று எழுதி, பக்கத்தில் "தம்பியின் மனுவும் பேத்தியின் நினைவும்" என்று குறித்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். மாஸ்டரையும் சேர்த்துவிடச் சொல்கிறார், சம்பந்தி வீட்டார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்கிறார். இன்னும் சேர்க்கவில்லை.